திங்கட்கிழமைச் சண்டை

"அந்த ஆளோட பேர் இன்னும் போகல காங். இன்னிக்கு அது போகாம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கிறதா இல்ல."

கைப்பையைத் தாதனின் மேசை மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள் யாந்தி. பாண்டுங் நகரில் கல்யாணச் சமையலுக்கு அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விவாகரத்துக்குப் பிறகு 'ஹேரு-யாந்தி கேட்டரிங்' என்ற அவளுடைய இணையதளத்தை 'யாந்தி அடுக்களை' என்று மாற்றிக் கொடுத்தவன் தாதன். பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடவும் ஏற்பாடு செய்திருந்தான். ஆனாலும் இணையத்தில் யார் தேடினாலும் முன்னாள் கணவன் ஹேருவின் பெயர்தான் முன்னால் வந்து நின்றது.

"நேத்துகூட ஒரு கல்யாணப் பொண்ணோட அம்மா போன் பண்ணி, 'ஹேரு ஐயா இருக்காரா'ன்னு கேக்கறாங்க. வெங்காயம் உரிக்கத் தெரியாத ஐயா!"

"தேடுபொறிக்கு மெதுவாத்தான் புரியும் தேத்தே," என்றான் தாதன், வழக்கம்போல. அவள் அவனைக் 'காங்' என்பதும் அவன் அவளைத் 'தேத்தே' என்பதும் அந்த ஊர் மரியாதை.

"மெதுவாவா? ஆமைகூட இந்நேரம் ஜகார்த்தா போய்ச் சேர்ந்திருக்கும்."

சொல்லிக்கொண்டே வாழையிலைப் பொட்டலம் ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள். கோழி வைத்த ஒட்டரிசிப் பலகாரமான லெம்பெர், இன்னும் சூடாக இருந்தது. தாதனுக்கு அதைத் தொடவே கூச்சமாக இருந்தது.

தேடுபொறி மேல் ஒரு குற்றமும் இல்லை. முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொன்னால் அது புதுப் பெயரைக் காட்டும். தற்காலிக மாற்றம்தான் என்றால் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். தாதன் வேண்டுமென்றே தற்காலிகம் என்று சொல்லி வைத்திருந்தான். சரிசெய்துவிட்டால் அவள் எதற்கு இங்கே வரப்போகிறாள்? கல்யாண வேலை இல்லாத திங்கட்கிழமைகளில் அவள் வந்து போடும் இந்தச் சண்டைக்காகத்தான் அவன் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

ஆனால் அடுப்படியில் வேகிறவள் இவள், பேர் வாங்குகிறவன் ஹேருவா? இனி ஒரு நாள்கூடக் கூடாது என்று முடிவெடுத்தான். அதற்கப்புறம் வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

கணினியில் ஒரே ஒரு வரியை மாற்றினான். திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"முடிஞ்சுது தேத்தே. கொஞ்ச நாள்ல உங்க பேர் மட்டும்தான் வரும். தப்பு தேடுபொறி மேல இல்ல, என் மேலதான். நிரந்தரம்னு போட வேண்டிய இடத்துல தெரிஞ்சே தற்காலிகம்னு போட்டிருந்தேன். என்ன திட்டினாலும் கேட்டுக்கறேன்."

யாந்தி திட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வாடிப்போனது.

"அது எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும் காங். என் தங்கச்சி பார்த்துச் சொல்லிட்டா," என்றாள். "இப்படி அவசரப்பட்டு மாத்திட்டீங்களே, அடுத்த திங்கக்கிழமை நான் என்ன சாக்கு சொல்லிட்டு வர்றது?"