ஏரியா எப்படி?

'கிர்ரீச்'சென்று எதிர்வீட்டு இரும்புக் கேட் முனகியது. தொடர்ந்து தரகரின் குரல்.

"காத்து வருது பாருங்க, வெளிச்சம் பாருங்க. ஒரு தாயும் பொண்ணும் இருக்காங்க. வேற பார்ட்டி கிடைக்கிற வரைக்கும் இருந்துக்கோங்கன்னு வீட்டுக்காரர் விட்டு வெச்சிருக்கார். நீங்க சரின்னா மறுவாரமே காலி!"

இஸ்திரிக்காரர் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இந்த மாதத்தில் இது ஐந்தாவது பார்ட்டி.

வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்த கணவனும் மனைவியும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்கள். நேரே எதிரிலிருந்த இஸ்திரிக் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணே, ஏரியா எப்படி?" என்றாள் மனைவி.

"அத ஏம்மா கேக்கறீங்க..."

பின்னாலேயே வந்த தரகர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஆரம்பிச்சிட்டான்யா!"

"போன வாரம் மூணாவது வீட்டுல பீரோவையே காணோம். அதுக்கு முந்தின வாரம் மாடி வீட்டுல தண்ணி மோட்டார். கொடியில துணி காயப்போட்டா கிளிப்புதான் மிஞ்சும்."

மனைவி கணவனைப் பார்த்தாள்.

"இவன் பேச்சை நம்பாதீங்க சார். அந்த மதிலோரம் கடை போட வீட்டுக்காரர் விடலை. அந்தக் கடுப்புல வர்றவங்களை எல்லாம் விரட்டறான். ஏற்கெனவே நாலு பேரை ஓட்டிட்டான்," என்றார் தரகர்.

கணவன் அசரவில்லை. எதையும் விசாரிக்காமல் வாங்காத ஆள் போலிருக்கிறது. செல்போனை நீட்டினான்.

"போலீஸ் கணக்கைப் பாத்துட்டுத்தான் வந்தேன். போன வருஷம் முழுக்க இந்த வார்டுல ரெண்டே கேஸ். பக்கத்து வார்டுல நாப்பத்தொண்ணு."

"கேஸ் குடுத்தாத்தானே சார் கணக்குல வரும்?"

"சரி, பீரோ போச்சே, அது எந்த வீடு? காட்டுங்க, நானே போய்க் கேட்டுக்கறேன்."

இஸ்திரிக்காரர் சட்டையில் தண்ணீர் தெளித்தார். தெளித்த இடத்திலேயே மறுபடி தெளித்தார்.

"அவங்க... ஊருக்குப் போயிருக்காங்க."

"மோட்டார் போன வீடு?"

"அவங்களுந்தான்."

"எல்லாரும் சேர்ந்து பீரோவைத் தேடப் போயிருக்காங்க போல!" என்றாள் மனைவி.

கணவன் சிரித்தான். தரகர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

"வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்," என்றான் கணவன்.

இஸ்திரிப் பெட்டி சட்டையின் முதுகிலேயே நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம் சார். திருடன் யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"யாரு?"

"நான்தான்."

சிரிப்பு நின்றது.

"பூட்டை உடைச்சுத் திருடின கேஸ். மூணு வருஷம் உள்ள இருந்தேன். இப்ப திருந்திட்டேன்."

அந்தத் 'திருந்திட்டேன்'தான் அவளை அதிகம் பயமுறுத்தியிருக்க வேண்டும். தோளில் தொங்கிய கைப்பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வாங்க போலாம்."

"இரும்மா. மொத்தமே ரெண்டு கேஸ்தான்..."

"அதுதான் எதிர்லயே கடை போட்டு நிக்குதே!"

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பும்வரை தரகர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, உனக்குப் புத்தி இருக்கா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாம்? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறே. அந்தம்மா நாலு பேர்கிட்ட சொன்னா, நாளைக்கு எவன் உன்கிட்ட துணி குடுப்பான்?"

"மொதல்ல சொன்னதெல்லாம் பொய்ண்ணே. கடைசியா சொன்னது பொய்யில்லை."

தரகர், மேசைமேல் வைத்திருந்த தன் செல்போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இஸ்திரிக்காரர் அதைப் பார்த்துவிட்டார் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இருபது வயதுப் பெண். கையில் வெள்ளைக் கோல். தெருவைக் குறுக்கே கடந்து வந்து, கடைக்குச் சரியாக ஒரு அடி முன்னால் நின்றாள்.

"மாமா, கருகல் வாசனை வருதே. யார் சட்டையைத் தீச்சீங்க?"

இஸ்திரிக்காரர் பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கினார். "நம்ம தரகர் சட்டைதாம்மா."

"அடப்பாவி!" என்றார் தரகர்.

பெண் சிரித்தாள். "யாரோ வந்துட்டுப் போனாங்களே, வீடு பாக்கவா?"

"இல்லம்மா. வழி கேட்டாங்க."

"அப்ப சரி. டூட்டிக்கு நேரமாச்சு மாமா."

கோலைத் தட்டிக்கொண்டு நடந்தாள். சாக்கடை மூடி உடைந்திருந்த இடத்துக்கு முன்னாலேயே விலகினாள். மின்கம்பம் வந்ததும் இடப்பக்கம் திரும்பினாள்.

"இங்கேருந்து பஸ் ஸ்டாப்புக்கு முன்னூத்திப் பன்னெண்டு அடி," என்றார் இஸ்திரிக்காரர். "அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு எட்டு மாசம் எண்ணி எண்ணிப் பழகின தெரு. இப்பத்தான் தனியா வேலைக்குப் போகுது. வேற தெருன்னா மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணணும்."

தரகர் அவள் திரும்பிய திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் கதை இவங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே சொல்லிட்டேன். 'சரிப்பா, காலரை மட்டும் நல்லா அழுத்தித் தேய்'னாங்க அந்தம்மா."

தரகரின் செல்போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"ஆமாங்க, வந்தாங்க... பிடிக்கலையாம்." தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்னங்க பண்றது, ஏரியா அப்படி. தண்ணித் தொட்டி மூடியைக்கூட விட்டு வைக்கறதில்லையாம்!"

இஸ்திரிக்காரர் அடுத்த துணியை எடுத்து விரித்தார்.