குருசுமுத்துவின் சத்தியக்கடதாசி

"அந்தச் சொல்லை வெட்டும், தம்பி."

சமாதான நீதவான் தயாபரன் பேனையை நிறுத்தினார். "எந்தச் சொல்லை அண்ணை?"

"பதற்ற நோய் எண்டு எழுதியிருக்கிறீரே, அதை. என்ர பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லை."

எழுபத்துமூன்று வயதிலும் குருசுமுத்து கதிரையில் சாயவில்லை. பக்கத்தில் மருமகள் ஜொய்சி, மடியில் கோப்போடு உதட்டைக் கடித்தபடி இருந்தாள்.

அவளுடைய கணவன் அமலதாஸ் பதினெட்டு வயதில் லண்டன் போய், அந்த நாட்டு இராணுவத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். இரண்டு தடவை ஆப்கானிஸ்தானுக்குப் போனவன். இப்போது குடும்பத்தோடு கரம்பொன்னில், தகப்பன் வீட்டில் இருக்கிறான். போரால் வந்த மன வருத்தத்துக்கு, அந்த நோய்க்கு, அந்த நாட்டு அரசிடம் நட்டஈடு கேட்டான், மறுத்துவிட்டார்கள். மனைவியின் கடிதம் மட்டும் போதாதாம். கூட வசிக்கும் இன்னொருவர் தன் கண்ணால் கண்டதைச் சொல்லி, சத்தியக்கடதாசியாக அனுப்ப வேண்டும்; அதை வாசித்துக் கீழே அமலதாஸும் கையெழுத்திட வேண்டும். மேன்முறையீட்டுத் தவணை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"டொக்டரே எழுதித் தந்திருக்கிறார், மாமா."

"டொக்டர் எழுதினதை டொக்டர் சொல்லட்டும். குருசுமுத்துவின்ர வாயால அது வராது. எங்கட அப்பு சூறாவளிக்குள்ள வள்ளம் விட்டவர். எங்கட பரம்பரையில பயந்தவன் எண்டு ஒருத்தனைக் காட்டும் பாப்பம்."

"இது கிடைச்சாத்தான் கொழும்பில வைத்தியம் பாக்கலாம். உங்கட பரம்பரைக்காக அவர் இப்பிடியே கிடக்கவேணுமோ?"

கிழவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "நான் சொல்லுறதை எழுதும், தம்பி. ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

தயாபரன் அந்தச் சொல்லை வெட்டினார்.

"என்ர மகன் நல்ல காவல்காரன். ஊர் படுத்த பிறகும் வாசல் படலையடியில கதிரை போட்டு இருப்பான். வந்து ரெண்டு வருஷம், அவன் பாயில சரிஞ்சதை நான் ஒரு நாளும் காணேல்லை. எந்த மகன் இப்பிடி வீட்டைக் காப்பான்?"

பேனை ஓடியது.

"ஒழுங்கானவன். கதவுப் பூட்டை ஏழு தரம் இழுத்துப் பாப்பான். நான் போய்க் கையைப் பிடிச்சாத்தான் எட்டாந்தரம் இழுக்காமல் விடுவான்."

"ம்."

"கூட்டத்துக்குள்ள நிண்டு பல்லிளிக்கிறவன் இல்லை. திருநாளுக்குக் கோயில் மதிலோட முதுகை வைச்சு வெளியிலதான் நிண்டவன். முதல் வெடிக்கே வெளிக்கிட்டான். ஒரு மைல், வீடு வரைக்கும் ஓட்டம்."

"ஓடினதையும் எழுதவோ, அண்ணை?"

"எழுதும். காலில பலம் இருக்கெண்டு தெரியட்டும்."

ஜொய்சி முகத்தைத் துடைத்தாள்.

"சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கப் போனனாங்கள். ஆரோ பெடியள் பலூனை உடைச்சாங்கள். இவன் என்ர பேத்தியை மணலில போட்டு, மேல கவிண்டு படுத்திட்டான். நாலு பேர் இழுத்தும் கால் மணித்தியாலம் அசைக்க ஏலேல்லை. தகப்பன் எண்டா அப்பிடி இருக்கவேணும்."

"காணும், மாமா, நிப்பாட்டுங்கோ." ஜொய்சி குறுக்கே வந்தாள். "இதை வாசிச்சா, சுகமான ஆள்தானே எண்டு கோப்பை மூடிப்போடுவாங்கள்."

"இன்னும் ஒண்டு. வள்ளத்தில ஒருத்தரையும் தனக்குப் பின்னால இருக்க விடமாட்டான். பெத்த தகப்பனையும் விடமாட்டான். அவ்வளவு கவனம். எழுதியாச்சோ?"

"எழுதியாச்சு."

"எங்க கையெழுத்து வைக்கிறது?"

கிழவர் ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார். தயாபரன் முத்திரை குத்தி, தாள்களை ஜொய்சியிடம் நீட்டினார்.

"வாசியும், பிள்ளை. பெருமையை விட்டிட்டு, நடந்ததை மட்டும் வாசியும்."

அவள் வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. டொக்டரிடம்கூடச் சொல்லாதவை எல்லாம் அதில் இருந்தன.

"இது மேன்முறையீட்டுக்குத் தாராளமாய்க் காணும்," என்றார் தயாபரன் தாழ்ந்த குரலில். "பாவம், தான் என்ன சொன்னவர் எண்டு மனுசனுக்கு விளங்கேல்லை."

குருசுமுத்து எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"எனக்கு எல்லாம் விளங்கும், தம்பி. வருத்தக்காரன், நோயாளி எண்டு எழுதின கடுதாசிக்குக் கீழ தான் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு என்னட்டச் சொன்னவன் அமலதாஸ்தான்; ஜொய்சியிட்டச் சொல்ல அவனுக்கு வெக்கம். இது அவன் தலை நிமிந்து வாசிச்சுக் கையெழுத்து வைக்கக்கூடிய கடுதாசி."