வெள்ளிக்கிழமைக் கஞ்சி

"சாமியார் எண்ணெயோட வந்து நின்னா அவியளுக்குத் தெரிஞ்சு போகும் அண்ணாச்சி. இந்த வாரமும் வேண்டாம்."

வாசல் கேட்டைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள் ஸ்டெல்லாமேரி. கோயில்பிள்ளை சந்தியாகு தலையைச் சொறிந்தார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பங்குச் சாமியார் நற்கருணை அப்பம் கொண்டுவருவார். யார் யார் வீட்டுக்கு வர வேண்டும் என்று காலையிலேயே கேட்டுச் சொல்வது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சந்தியாகுவின் பொறுப்பு. இந்த வாசலுக்கு அவர் வருவது இது மூன்றாவது வெள்ளி.

"பாவசங்கீர்த்தனம், பூசுதல், நற்கருணை எல்லாத்தையும் நினைவு இருக்கும்போதே வாங்கிட்டா நல்லதும்மா."

"முடியாமப் போகும்போது நானே போன் பண்ணுதேன்" என்றாள்.

பூசுதல் என்பது நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிச் செபிப்பதுதான் என்று சாமியார் பிரசங்கத்தில் எத்தனை தடவை விளக்கினாலும், ஊர் அதைச் சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தை என்றுதான் சொல்லும். எண்ணெய்ச் சிமிழோடு அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பின்னாலேயே சவப்பெட்டி வரும் என்பது ஊர்க் கணக்கு. ஸ்டெல்லாவின் அப்பாவே அதற்குச் சாட்சி. பூசிவிட்டுச் சாமியார் படியிறங்கியதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், மறுநாள் விடியலைப் பார்க்கவில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் ராயப்பனுக்குக் கணையத்தில் புற்று. ஈஸ்டரைத் தாண்டுவது கஷ்டம் என்று மதுரை டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். புருசனிடம் அவள் சொன்னது குடல்புண். அன்றிலிருந்து மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறாள். சொன்னால் மனசு விட்டுச் சீக்கிரம் போய்விடுவார். சொல்லாமல் விட்டு, பூசுதல் இல்லாமல் போய்விட்டால் அந்த ஆத்துமாவுக்கு யார் பதில் சொல்வது? நினைவு தப்புகிற நேரத்தில் கூப்பிட்டால் அவருக்கும் தெரியாது, பூசுதலும் கிடைத்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

உள்ளே ராயப்பன் காலையிலேயே சவரம் பண்ணிவிடச் சொல்லி, வெள்ளைச் சட்டை போட்டுப் படுத்திருந்தார். கட்டிலை வேறு ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லியிருந்தார், காற்றுக்காக. பங்குனி வெயிலில் கரிசல் காட்டில் காற்றுக்கு எங்கே போவது? களத்தில் காய்கிற மிளகாய் வற்றலின் நெடிதான் வந்தது.

"சந்தியாகு அண்ணனா? என்ன சொல்லுதாவ?"

"குருத்தோலை ஞாயித்துக்கு ஓலை வெட்ட ஆள் கேட்டு வந்தாவ."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, கஞ்சியைக் கொண்டா" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தால் அவளுக்கு இது ஒரு பெரிய கவலை. மற்ற நாளில் ஏழு மணிக்கே இரண்டு மடக்குக் குடிக்கிறவர், வெள்ளியன்று மட்டும் பத்து மணி வரை பச்சைத்தண்ணீர் தவிர எதையும் தொடுவதில்லை. வயிறு ஒப்பவில்லை என்பார். நோய் முற்றுகிறது என்று அவள் பயந்தாள்.

"அடுத்த வருசம் மிளகாயைக் குறைச்சுட்டு உளுந்து போடுவோம், ஏட்டி" என்றார், ஸ்பூனை வாயில் வாங்கிக்கொண்டே.

பாவம், இவருக்கு ஒன்றும் தெரியாது. அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நான்காவது வெள்ளியும் சந்தியாகு வந்தார். இந்தத் தடவை லேசில் நகரவில்லை. உள்ளே போய் ராயப்பனிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொன்னார். கேட்டாலே தெரிந்துவிடுமே என்று அவள் தலையை ஆட்டி மறுத்தாள். சந்தியாகு ஜன்னலைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை மத்தியானம், ராயப்பன் கண்ணயர்ந்ததும் ஸ்டெல்லா வற்றலைக் கிளறிவிடக் களத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது தலை தலையணையிலிருந்து சரிந்திருந்தது. அவள் போன் பண்ணியதும் சாமியார் அரைமணியில் ஓடிவந்தார். கையைத் தொட்டுப் பார்த்தவர், எடுத்த எண்ணெய்ச் சிமிழை மறுபடியும் பைக்குள் வைத்தார். உயிர் இருப்பவர்களுக்குத்தான் பூசுதல். இறந்தவர்களுக்கான செபத்தைச் சொன்னார். கடவுள் மனசைப் பார்ப்பார் என்று அவளைத் தேற்றினார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. தான்தான் வாசலில் நின்று மறித்தோம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

சாமியார் போன பிறகு, தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த சந்தியாகுவிடம், "பயமில்லாமப் போனாவ அண்ணாச்சி. கடைசி வரைக்கும் அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு அது ஒண்ணுதான் மிச்சம்" என்றாள்.

சந்தியாகுவின் கையில் தீக்குச்சி விரல்வரை எரிந்தது.

"அவியளுக்குத் தெரியும்மா. மதுரை ஆஸ்பத்திரியில புற்றுநோய்ப் பிரிவுன்னு போர்டை வாசிச்ச அன்னைக்கே தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் விடியக்காலம் போன் போட்டு, என்னை இங்க அனுப்பினதே அவியதான். 'சாமி வந்தாலும் வருவாவ, நற்கருணைக்கு வயித்தைக் காலியா வச்சிருக்கேன். ஆனா ஸ்டெல்லா வாயால சரின்னு வரணும். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

ஸ்டெல்லா கட்டிலோரம் நின்று ஜன்னல் வழியே பார்த்தாள். நேர் எதிரே வாசல் கேட், அங்கே நின்று அவள் தலையாட்டி மறுத்ததெல்லாம் இங்கிருந்து முழுசாகத் தெரிந்திருக்கும், அதன் பிறகுதான் அவர் கஞ்சி கேட்டிருக்கிறார்.