சத்தமில்லாத கிலுகிலுப்பை

ஜன்னல் வெயில் பாட்டு வகுப்பின் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து கிடக்கிறது. பெற்றோர் சுவரோரம் நின்று பார்க்க, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கிலுகிலுப்பைகளை ஆட்டுகிறார்கள். தாளம் பிசகாமல் போகிறது. எப்போதும் தாளம் தப்புகிற சின்னவளும் நாக்கைத் துருத்திக்கொண்டு, ஊருக்கே கேட்கட்டும் என்பதுபோல் ஆட்டுகிறாள். அவளுடைய கிலுகிலுப்பைக்குள் இருந்த பாசிமணிகளை டீச்சர் காலையிலேயே யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டார். பாட்டு முடிந்து கைதட்டல் எழுகிறது. "எம்பொண்ணையும் ஒதுக்காம சேத்துக்கிட்டீங்களே டீச்சர், உங்களுக்குப் பெரிய மனசு" என்று சின்னவளின் அப்பா கும்பிடுகிறார். டீச்சர் சிரிக்கப் பார்க்கிறார், காதுமடல் சுடுகிறது. சின்னவள் ஓடிவந்து அவர் கையை இழுத்துக் குனியவைத்துக் காதில் கிசுகிசுக்கிறாள்: "பயப்படாதீங்க டீச்சர். உள்ள ஒண்ணுமில்லன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."