குவைத் டிசைன்

வீட்டுக்குள் அலங்காரம் செய்கிறவர்களுக்குக் கற்பனை குவைத்திலிருந்து வருகிறது என்று 1984இல் கல்முனை முழுவதும் நம்பியது. இது பாரதூரமான பிழை. தாமதமின்றித் திருத்தப்பட வேண்டியது.

இந்த நம்பிக்கைக்கு இருந்த ஒரே ஆதாரம் முத்தலிப். அவர் குவைத்தில் இரண்டு வருடம் இருந்தது உண்மை. அங்கே அவர் சீமெந்து மூடை சுமந்தார் என்பதும் உண்மை. அதை மட்டும் ஊர் விசாரிக்கவில்லை. திரும்பி வந்த பிறகு சுவருக்கு நிறம், முகட்டுக்குப் பூவேலை, ஜன்னலுக்குத் திரை என்று அவர் கை பட்ட வீடெல்லாம் துலங்கியது.

எல்லாவற்றையும் விடப் பேர் போனது, வந்தவர்கள் உட்காரும் ஹோலின் கதவு நிலையில் அவர் போடும் பொன்னிறக் கோடுகள். இடுப்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி நெஞ்சளவில் முடியும். எந்த வீட்டிலும் ஆறுதான். ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை.

கேட்டால், “குவைத் டிசைன்” என்பார்.

கைருன்னிஸா தன் மகள் நதீராவுக்குக் கட்டிய வீட்டிலும் அந்த ஆறு கோடுகள் வந்தன. பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வருகிற ஊர். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். இதற்கு முன் வந்த சம்பந்தம், சமைக்கிற குசினி ஓலைக்கூரை என்று சொல்லிக் கலைந்துபோனது.

கைருன்னிஸா நிலையை மேலும் கீழும் பார்த்தாள்.

“இது என்ன தம்பி, அரையில நிக்குது?”

“டிசைன் அவ்வளவுதான் ராத்தா.”

“மூணாவதும் நாலாவதும் ஒட்டிக்கிட்டு இரிக்கே. கை தவறிட்டா?”

“இல்ல ராத்தா. அளந்துதான் போட்டன்.”

“அளந்தா இப்பிடி வருமா? சரி, அதை விடுங்க. மேல்சட்டம் வரைக்கும் கொண்டு போங்க. மாப்பிள்ளைட உம்மாவுக்குக் குறை பிடிக்கிறதே தொழில். அரைகுறை வேலை எண்டு சொல்லிப்போட்டு எழும்பிருவா.”

“மேல போட ஏலாது ராத்தா.”

“பெயின்ட் முடிஞ்சா?”

“பெயின்ட் இரிக்கு.”

“பிறகென்ன ஏலாது?”

முத்தலிப் பிரஷைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கைருன்னிஸாவுக்குப் பொறுக்கவில்லை.

“புள்ள குட்டி இல்லாத ஆளுக்கு ஒரு குமரைக் கரை சேர்க்கிற பாடு எங்க விளங்கப்போகுது!”

முத்தலிப் சாமான்களைச் சைக்கிளில் கட்டினார். சலாம் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சலாம்தான் கைருன்னிஸாவுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

“பெரிய எடுப்பு!” என்றாள்.

மறுநாள் பெயின்டர் தங்கத்துரை வந்தான்.

“எத்தனை கோடு அக்கா?”

“மேல்சட்டத்தில முட்டுற வரைக்கும்.”

“ஆறுக்கு மேல எண்ணத் தெரியாத குவைத்தாக்கும்!” என்று சிரித்துக்கொண்டே போட்டு முடித்தான். அவன் போட்ட கோடுகள் ஒரே இடைவெளியில், அணிவகுத்து நின்றன.

வியாழன் பின்னேரம் முத்தலிப்பின் மனைவி பரீனா, தைத்து முடித்த திரைகளோடு வந்தாள். கணவர் வேலை செய்த வீடு எதற்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை. தைப்பாள், அவர்தான் கொண்டுபோய்க் கொளுவுவார். இந்த வீட்டுக்கு வர அவர் மறுத்துவிட்டார்.

“உன்ட புருசனுக்குச் சொல்லு புள்ள, அவரில்லாமலே வேலை முடிஞ்செண்டு” என்று கைருன்னிஸா தொடங்கினாள்.

பரீனா காதில் வாங்கவில்லை. திரைகளைத் தரையில் போட்டுவிட்டு நிலையடியில் குந்தியிருந்தாள். மூன்றாவது கோட்டிலிருந்து நாலாவதுக்கு விரலை நகர்த்தினாள்.

“இந்த வருசம் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செங்கமாரி வந்த. வளரவே இல்ல.”

“ஆருக்கு?”

“சுல்பிகாவுக்கு. என்ட மகள்.” பரீனா திரும்பிப் பார்க்கவில்லை. “நோன்புப் பெருநாள் சட்டைக்கு அளவெடுக்கக்குள்ள, ஒலுவில் ஊர்ல இருந்த எங்கட வீட்டு நிலையில நிப்பாட்டிக் கத்தியால கீறி வைப்பன். வருசத்துக்கு ஒண்டு.”

விரல் ஆறாவது கோட்டில் நின்றது.

“எழுபத்தெட்டு. அந்த வருசச் சூறாவளியில வீடு விழக்குள்ள புள்ள உள்ளுக்கு. நிலை மட்டும்தான் நிண்ட. அதை இவரு அளந்து வச்சிரிந்தாரெண்டு எனக்குத் தெரியாது ராத்தா.”

கைருன்னிஸா தான் போடுவித்த கோடுகளை அண்ணாந்து பார்த்தாள்.

“மேல உள்ளதெல்லாம் நான் போடுவிச்ச புள்ள. இப்பவே அழிக்கச் சொல்றன்.”

பரீனா எழுந்தாள். விரலும் கோடு கோடாக மேலே ஏறியது.

“எழுபத்தொம்பது. எண்பது. எண்பத்தொண்டு...”

தன் காதளவுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

“எண்பத்துநாலு. இந்தப் பெருநாளுக்கு இவ்வளவு வந்திரிப்பா.”

விரலைக் கோட்டிலிருந்து எடுத்தாள்.

“அழிக்க வேணாம் ராத்தா. இரிக்கட்டும்.”

பிறகு திரைகளை ஒவ்வொன்றாகக் கொளுவிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். புது ஓடு போட்ட குசினிக் கூரையைப் பார்த்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். சம்மதம் சொன்னார்கள். நிலையை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அக்கரைப்பற்றில் முத்தலிப் ஒரு வீட்டை முடித்தார். அங்கே பரீனாவின் காதளவு வரைக்கும் கோடுகள் பன்னிரண்டு.