எல்லா வேலைக்கும் அரை நாள்

“திங்கக்கெழமையோட சேதுபதி கணக்க முடிச்சு அனுப்பிரு,” என்றார் முதலாளி தங்கச்சாமி.

பெல்சிக்குத் திக்கென்றது. அந்த மனுஷனை மாட்டிவிட்டதே அவள் போட்ட கணக்குதான்.

கல்லல் ரோட்டில் தங்கச்சாமிக்கு கேட், கிரில் செய்கிற பட்டறை. வேலை நிறைய வந்தது, காசுதான் நிற்கவில்லை. எந்த வேலையில் லாபம், எதில் நட்டம் என்று அவருக்கே தெரியாது. பி.காம் முடித்த பெல்சியை வேலைக்கு வைத்ததே அதைக் கண்டுபிடிக்கத்தான். அவளும் வந்த வேகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை போட்டு, மேஸ்திரி சேதுபதிக்குப் பாடம் எடுத்தாள்.

“அமராவதிபுதூர் கேட்டுக்குப் போன இரும்பு அந்த அட்டையில. அதுக்கு எத்தன ஆள் எத்தன நாள் பாத்தாகளோ, அந்த ஆள் நாள் கூலியும் அதே அட்டையில. ஷெட்டு வாடகை, கரண்டு இதெல்லாம் எந்த வேலைக்குன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுல்ல? அத எல்லா வேலைக்கும் பங்கு போட்டுறணும்ணே.”

சேதுபதி தலையைச் சொறிந்தார். “எந்த வேலையிலயும் சேராத செலவுன்னா, தள்ளிவிட்ற மாட்டாகளா?”

“அதெப்படிண்ணே தள்ளுறது? அதுவும் பட்டறையோட செலவுதான? எல்லா வேலையும் சேந்துதான் சுமக்கணும்.”

இதையே அவர் மறுபடியும் கேட்டார். மனுஷனுக்கு மண்டையில் ஏறவில்லை போல என்று பெல்சியும் மறுபடி சொன்னாள்.

அந்தப் பங்குக் கணக்கில் முதலாளி தன் பங்குக்கு இரண்டு பில்லைச் சேர்க்கச் சொன்னார். சொன்னவர் முதலாளி, கேட்டவள் புதுசு. சேர்த்துவிட்டாள்.

மாசக் கடைசியில் பார்த்தால் அத்தனை வேலையும் நட்டம்.

“பாத்தியா? ரெண்டு ஆள் நாள்ல முடியிற கேட்டுக்கு ரெண்டரை எழுதியிருக்கான். எல்லா அட்டையிலயும் அரை நாள் கூட. வேலைய இழுக்குறான் பய!” என்று குதித்தார் முதலாளி.

பெல்சி ஷெட்டுக்குப் போய் நின்று பார்த்தாள். சேதுபதி எங்கே இழுத்தார்? பறந்தார்! ஒக்கூர் கிரில் சரியாக இரண்டே ஆள் நாளில் முடிந்தது. முடிந்ததும் பேனாவை எடுத்து, கூச்சமே இல்லாமல் இரண்டரை என்று எழுதினார்.

பெல்சிக்குத் தலை சுற்றியது. கூட எழுதினால் அவருக்கு என்ன கிடைக்கும்? நாள் கூலி. ஒரு பைசா ஏறாது. அட்டைகளைக் கூட்டினாலோ, கொடுத்த கூலியோடு அச்சாகப் பொருந்துகிறது. திருடினால் எங்கேயாவது இடிக்க வேண்டுமே! படித்த படிப்பின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“அண்ணே, ஏன் இப்பிடி எழுதுறீக? திங்கக்கெழமையோட ஒங்கள அனுப்பச் சொல்லிட்டாருண்ணே.”

சேதுபதியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. “அனுப்பட்டும் தாயி. எழுதுனது எழுதுனதுதான்,” என்று வெல்டிங் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இருந்த குழப்பம் இரட்டிப்பானது. சோறு போடும் வேலையையே விடுகிறேன் என்கிறார், அந்த அரை நாளை விடமாட்டேன் என்கிறாரே!

யோசித்தபடியே பின்பக்கம் வந்தாள். அங்கே இன்னொரு வெல்டர் பெரியகருப்பன், பட்டப்பகல் வெயிலில் உட்கார்ந்து போல்ட்டுகளைத் தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தார். பெல்சி மஞ்சள் சுடிதாரில் அவர் முன்னால் போய் நின்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “யாரு, சேதுபதியா?”

பின்னாலேயே ஓடிவந்த சேதுபதி அவளைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

“வெல்டிங் பொறி தெறிச்சுக் கண்ணு போச்சு தாயி, இந்த ஷெட்டுலதான். மொதலாளி வெக்கைக்குப் பயந்து இங்குட்டு எட்டிப் பாக்குறதில்ல, அதுனால தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிருவாரு. அவன் கூலிய எந்த அட்டையில எழுத? நீங்கதான தாயி சொல்லிக் குடுத்தீக, எந்த வேலையிலயும் சேராதத எல்லா வேலையும் சேந்து சுமக்கணும்னு.”

பெல்சியின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். அன்று சாயங்காலம் வரை கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். பிறகு முதலாளியின் குளுகுளு அறைக் கதவைத் தட்டினாள்.

“நட்டம் எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன் சார். சேதுபதி அண்ணன் மேல தப்பில்ல. பட்டறைக்கு ஒரு துரும்பும் கிள்ளிப் போடாத செலவு ஒன்னு ரெண்ட எல்லா வேலை தலையிலயும் கட்டியிருக்கோம். அத எடுத்துட்டா அத்தனை வேலையும் லாபம்.”

தங்கச்சாமி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “அப்பிடிப் போடு! தண்டமா ஒக்காந்து திங்கிற செலவா? யாரா இருந்தாலும் ஈவு இரக்கம் பாக்காத தாயி. இப்பவே வெட்டு!”

“வெட்டிட்டேன் சார்,” என்றாள் பெல்சி. “ஒங்க வீட்டு ஏசி கரண்டு பில்லையும், ஒங்க மகன் கார் தவணையையும்.”