ஐஸ் கிடைக்காத மீன்

துறைமுகத்து ஐஸ் ஆலைகளையெல்லாம் ஒரே கம்பெனி வாங்கிவிட்டது. தனக்கு மீன் விற்காத படகுக்கு அது ஐஸ் தருவதில்லை. பிடித்ததைத் திரும்பத் திரும்பக் கடலிலேயே கொட்டிய படகுக்காரி அமலோற்பவம், இந்தத் தடவை கெட்டுப்போன மீனைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போனாள். ஒரே ஆள் சந்தையை வளைத்துக்கொண்டால் விசாரிக்க வேண்டிய அரசு அலுவலகத்தில், மேசைமேல் அதை வைத்தாள். சுற்றிலும் காலி நாற்காலிகள். மிஞ்சியிருந்த ஒரே அதிகாரி மூக்கைப் பொத்தவில்லை.

“நேர்ல வந்து பாக்காம கேஸ் நிக்காதும்மா. வர்றதுக்கு வண்டி இல்ல. இந்த வருஷமும் எங்களுக்குப் பணம் ஒதுக்கல.”

“எங்க மீன் வேன் கீழ நிக்கி. அதுல வாங்கய்யா.”

“புகார் குடுத்தவங்க வண்டியில வந்தா, அதச் சொல்லியே கம்பெனிக்காரங்க கேஸ உடைச்சிருவாங்க.”

அவள் அவர் காலில் விழப்போனாள். அவர் பதறி எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

“பஸ்ல வர்றேன். என் டிக்கெட்ட நானே எடுத்துக்கறேன். நீங்க என்கூடப் பேசக் கூடாது.”

வேனை அனுப்பிவிட்டு அவளும் அதே பஸ்ஸில் ஏறினாள். முன் இருக்கையில் அவள், கடைசி வரிசையில் அவர். நடுவில் கூட்டம் நெருக்கி நின்று அவரை மறைத்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.